பேன்சி செயினில் ஈயம்: எதற்குப் பயப்படலாம், எதை விட்டுவிடலாம்

கேட்டவர் இரண்டு வயதுப் பெண் குழந்தையின் அம்மா. நாத்தனார் திருவிழாக் கடையில் வாங்கித் தந்த பேன்சி செயினைக் குழந்தை எந்நேரமும் வாயில் வைத்துச் சப்புகிறதாம். ‘அதில் ஈயம் இருக்கும் என்கிறார்கள், கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்தில்கூட இருக்குமாம், பண்டிகை அலங்காரம் எதையும் வீட்டுக்குள் விடாதே என்கிறார்கள். உண்மையா, வாட்ஸ்அப் பீதியா?’ என்கிறார்.

செயினை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். விளக்குச் சரம் இருந்துவிட்டுப் போகட்டும், தொட்ட கையைக் கழுவினால் போதும். இரண்டிலுமே ஈயம் இருக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே ஆபத்து இல்லை. ஒரு சாமான் வந்து நின்றால் நான் முதலில் பார்ப்பது, அதில் உள்ளது எந்த வழியாகக் குழந்தையின் வயிற்றுக்குப் போய்ச் சேரும் என்பதைத்தான். இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பயம் தானாகவே விலகிவிடும். மிச்சப் பாதி நியாயமான பயம்.

செயினைப் பற்றி இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2006 பிப்ரவரியில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் நான்கு வயதுப் பையன் ஒருவனை வாந்தி என்று மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். வைரஸால் வந்த வயிற்றுக் கோளாறு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாளில் நிற்காத வாந்தியோடும் சோர்வோடும் திரும்பி வந்தான். மருத்துவமனையில் சேர்த்த சில மணி நேரத்தில் வலிப்பு வந்தது, மூச்சு நின்றது, மூளை வீங்கியது. எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் இதய வடிவத்தில் ஏதோ தெரிந்தது. அதை முதலில் உடல் வெப்பம் அளக்கும் கருவியின் முனை என்று நினைத்துவிட்டார்கள். ரத்தத்தைச் சோதித்தால் ஒரு டெசிலிட்டருக்கு 180 மைக்ரோகிராம் ஈயம். பையன் பிழைக்கவில்லை. அவன் விழுங்கியிருந்தது, ரீபாக் நிறுவனம் குழந்தைகள் ஷூவோடு இலவசமாகக் கொடுத்த கைச்சங்கிலியில் தொங்கிய பதக்கம். அந்த ஷூகூட அவனுடையது இல்லை, அவன் போய்வந்த வேறொரு வீட்டுக் குழந்தையுடையது. பதக்கத்தில் இருந்த ஈயம் 99.1 சதவீதம். முலாம் பூசிய ஈயக் கட்டி என்றே சொல்லிவிடலாம். நிறுவனம் சுமார் 3 லட்சம் சங்கிலிகளைத் திரும்பப் பெற்றது. 2008இல் 10 லட்சம் டாலர் அபராதமும் கட்டியது.

இதற்கு மூன்று வருடம் முன்பே, 2003இல், ஆரிகன் மாநிலத்தில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று காசு போட்டால் பொம்மை விழும் இயந்திரத்தில் வாங்கிய பதக்கத்தை விழுங்கியது. அதில் ஈயம் 38.8 சதவீதம், குழந்தையின் ரத்தத்தில் 123 மைக்ரோகிராம். வெளியே எடுத்துக் காப்பாற்றிவிட்டார்கள். அதைத் தொடர்ந்து 2004 ஜூலையில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அப்படிப்பட்ட இயந்திரங்களில் விற்ற 15 கோடி விளையாட்டு நகைகளைத் திரும்பப் பெறச் செய்தது. அவை செய்யப்பட்ட நாடு இந்தியா. ‘எல்லாம் சீனச் சரக்கு’ என்று சொல்லி நாம் தப்பிக்க முடியாத இடம் இது.

ஏன் ஈயத்தைப் போடுகிறார்கள்? விஷம் வைக்கும் எண்ணம் யாருக்கும் இல்லை. ஈயம் சமையல் அடுப்புத் தீயிலேயே, 327 டிகிரியில், உருகிவிடும். ரப்பர் அச்சில் சுழற்றி ஊற்றினால் நெளிவு சுளிவெல்லாம் சுத்தமாக விழும். கையில் எடுத்தால் கனமாக இருக்கும், கனமாக இருந்தால் வாங்குகிறவருக்கு ‘நல்ல சாமான்’ என்று தோன்றும். எல்லாவற்றுக்கும் மேலே, மலிவு. பழைய பேட்டரியிலிருந்தும் மின்னணுக் கழிவிலிருந்தும் வரும் பழைய ஈயம் இன்னும் மலிவு. ஒஹையோவின் ஆஷ்லாந்து பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஜெஃப்ரி வைடன்ஹேமர் மலிவு நகைகளைக் கரைத்துப் பார்த்தபோது சிலவற்றின் கலவை மின்னணுப் பலகைகளில் பற்றவைக்கும் ஈயக் கலவையை ஒத்திருந்தது. குப்பையில் போன கம்ப்யூட்டர், குழந்தை கழுத்தில் செயினாகத் திரும்பி வந்திருக்கலாம் என்று அர்த்தம்.

2008இல் அமெரிக்கா கடுமையான சட்டம் கொண்டுவந்தது. 2011 முதல் குழந்தைகள் பொருளில் ஈயம் பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. மேலே பூசும் பெயின்டில் 90 பங்கு. சரி, சட்டம் வந்தது, ஈயம் ஒழிந்தது என்று நினைத்தால், அந்த வரம்பு அமலாகும் முன்பே, 2010 ஜனவரியில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் கடைகளில் குழந்தை நகைகளை வாங்கி அதே வைடன்ஹேமரிடம் கொடுத்துச் சோதித்தது. சிலவற்றில் ஈயத்தின் இடத்தில் காட்மியம் உட்கார்ந்திருந்தது, 80, 90 சதவீதம் வரை! துத்தநாகம் உருக்கும்போது கூடவே கிடைக்கும் உலோகம் அது. 321 டிகிரியில் உருகும், பளபளப்பும் உண்டு. சட்டம் ஈயம் என்று எழுதியது, உற்பத்தியாளர் ஈயத்தை எடுத்துவிட்டார், அவ்வளவுதான். எனக்கு இந்த விஷயத்தில் இன்றுவரை கோபம் வருவது இங்கேதான். காட்மியம் புற்றுநோய் வரவழைக்கும் என்று உறுதியான பட்டியலில் இருப்பது. சிறுநீரகத்தில் போய் அமர்ந்தால் பத்து, இருபது வருடத்துக்கு நகராது. ஜப்பானின் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவுக் காட்மியம் நெல்வயலில் பாய்ந்து, அந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு நொறுங்கும் ‘இதாய் இதாய்’ நோய் வந்தது வேதியியல் படித்த எல்லோருக்கும் தெரியும்.

அதே 2010 ஜூனில் மெக்டொனால்ட்ஸ் 1 கோடியே 20 லட்சம் ஷ்ரெக் படம் போட்ட கண்ணாடி டம்ளர்களைத் திரும்பப் பெற்றது. வெளிப்பக்கப் படத்தின் வண்ணத்தில் காட்மியம். அவை நியூ ஜெர்சியில் செய்தவை. ஐரோப்பிய ஒன்றியம் 2011 டிசம்பரிலிருந்து நகையில் காட்மியத்துக்கு 0.01 சதவீதம் என்று வரம்பு போட்டது.

நம் ஊரில் காட்மியம் என்ற பெயர் தெரியாவிட்டாலும் ‘கேடிஎம் தங்கம்’ என்ற பெயர் தெரியாதவர் இல்லை. தங்கத்தில் பொடி வைத்து ஊதும்போது காட்மியம் கலந்த கலவையை வைத்துப் பற்றவைத்த நகை அது. அங்கே பாதிப்பு போட்டுக்கொண்டவருக்குப் பெரிதாக இல்லை, ஊதியவருக்குத்தான். சூட்டில் காட்மியம் ஆவியாகிப் பத்தரின் நுரையீரலுக்குள் போனது. அதனால்தான் அந்த முறை கைவிடப்பட்டு துத்தநாகக் கலவைகள் வந்தன. பாட்டி காலத்துக் கேடிஎம் வளையலைப் பார்த்து நீங்கள் பதற வேண்டாம். உலோகம் ஒன்றே, ஆனால் போகும் வழி வேறு.

இப்போது உங்கள் குழந்தையின் செயினுக்கு வருவோம். காயமில்லாத தோலின் வழியாக ஈயம் உள்ளே போவது மிகக் குறைவு. கழுத்தில் கிடந்ததால் மட்டும் ரத்தத்தில் ஏறாது. சப்பினால் எச்சிலில் கொஞ்சம் கரையும். விழுங்கினால் இரைப்பையின் அமிலம் மணிக்கணக்கில் அதைக் கரைத்துக்கொண்டே இருக்கும். மினியாபொலிஸில் நடந்தது அதுதான். மேலே முலாம் இருக்கிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள். வைடன்ஹேமர் குழுவினர் காட்மிய நகைகளை வைத்துச் செய்த சோதனையில், கீறல் விழுந்து முலாம் போன சில துண்டுகள் கீறாதவற்றைவிட 30 மடங்குக்கும் மேல் காட்மியத்தை விட்டன. பல் முளைத்த குழந்தையிடம் கீறல் விழாத முலாம் எத்தனை நாள் நிற்கும்?

அதோடு குழந்தை உடம்பும் வேறு. பெரியவர் விழுங்கும் ஈயத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் உள்ளே சேரும். சின்னக் குழந்தைக்கு ஏறத்தாழ பாதி சேரும். உடம்பு அதைக் கால்சியம் என்று ஏமாந்து எலும்பில் வைத்துக்கொள்ளும். இரும்புச்சத்து குறைந்த குழந்தைக்கு இன்னும் அதிகம் ஏறும். நம் ஊரில் ரத்தசோகை எவ்வளவு சகஜம் என்று உங்களுக்கே தெரியும். 2020இல் யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட கணக்கின்படி உலகில் 80 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கிறது. அவர்கள் எல்லோரும் வலிப்பு வந்து விழுவதில்லை. படிப்பில் கவனம் சிதறும், புத்திக்கூர்மை கொஞ்சம் மழுங்கும், ‘பிள்ளை கொஞ்சம் முரடு’ என்பார்கள். யாரும் ஈயத்தைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

பண்டிகைச் சாமான்களை இதே கண்ணால் பாருங்கள். விளக்குச் சரத்தின் பச்சை வயரும் பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரமும் பிவிசி. பிவிசி வெயிலிலும் சூட்டிலும் கெடாமலிருக்க ஈய உப்பைச் சேர்ப்பது நெடுங்கால வழக்கம். கலிஃபோர்னியாவில் விற்கும் விளக்குச் சரத்தின் பெட்டியில் ‘தொட்டபின் கை கழுவவும்’ என்று எச்சரிக்கை இருப்பது இதனால்தான். வாட்ஸ்அப்பில் சுற்றும் படமும் பெரும்பாலும் அந்த அட்டைதான். பழசாகிப் பொடி உதிர்ந்தால் கையில் ஒட்டும், குழந்தை கையை வாயில் வைக்கும். ஆக, கட்டுவதும் அவிழ்ப்பதும் பெரியவர்கள் வேலை, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவல், கீழே துடைக்கும்போது ஈரத்துணி. பரணில் பத்து வருடமாகக் கிடந்து வெளுத்து நொறுங்கும் மரமானால் போட்டுவிடுங்கள்.

மரத்தில் தொங்கவிடும் வெள்ளிச் சரிகை இழை ஒரு காலத்தில் நிஜமாகவே ஈயத் தகடு. கனத்தில் நேராகத் தொங்கும் என்று அதை விரும்பினார்கள். அமெரிக்காவில் 1971இல் உணவு மருந்து நிர்வாகம் சொல்லி, 1972 தொடக்கத்தோடு நிறுத்தினார்கள். இப்போது வருவது பிளாஸ்டிக். வெளிநாட்டில் பழஞ்சாமான் கடையில் ‘ஆன்டிக்’ என்று வாங்கி வருகிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்.

கொலு பொம்மைகள் படியில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. இறக்கி வைக்கும் நாளில்தான் குழந்தை ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடும். பூசியது என்ன பெயின்ட் என்று கடைக்காரருக்கே தெரியாது. வீட்டு, அலங்காரப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்று இந்தியாவில் 2016இல் விதி வந்து 2017 நவம்பரில் அமலானது. இலங்கையில் 2013 முதலே வரம்பு உண்டு. ஆனால் நம் விதி தொழிற்சாலைப் பெயின்டைத் தொடாது. தொட்டில், நடைவண்டி, ஜன்னல் கம்பிக்கு ‘புதுசு மாதிரி பண்ணித் தருகிறேன்’ என்று பட்டறையில் அடிப்பது பல சமயம் அந்த டப்பாதான். கொலு பொம்மையைவிட எனக்கு நடைவண்டிக் கைப்பிடி மேல்தான் சந்தேகம், குழந்தை பல் படுவது அங்கே. வண்ணமே பூசாத மரப்பாச்சிக்கு இந்தக் கவலை கிடையாது.

தீபாவளியில் கம்பி மத்தாப்பில் பேரியம் இருந்தது. பட்டாசில் ஈயம், பாதரசம், ஆர்சனிக், ஆன்டிமனி, லித்தியம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017இலும், பேரிய உப்புகள் கூடாது என்று 2018இலும் சொன்னது. சிவகாசி இன்னும் அதோடு மல்லுக்கட்டுகிறது. வீட்டில் செய்ய வேண்டியது சின்னது: வெடித்த கையோடு அதிரசத்தை எடுக்க விடாதீர்கள். விநாயகர் சிலை வண்ணத்தின் பாதிப்பு குளத்துக்கும் மீனுக்கும். அது வேறு கதை.

நீங்கள் கேட்காத மூன்று சாமானையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விளக்குச் சரத்தைவிட இவை வாய்க்கு நெருக்கம். ஒன்று, குங்குமமும் கண்மையும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கும் நிஜக் குங்குமத்தில் ஈயத்துக்கு வேலையில்லை. செந்தூர நிறத்துக்காகச் சிவப்பு ஈயம் கலந்தால்தான் வினை. நியூ ஜெர்சிக் கடைகளிலும் மும்பை, டெல்லியிலும் வாங்கிய 118 செந்தூர மாதிரிகளை ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் நான்கில் ஈயம் தென்பட்டது. கண்மையும் அப்படித்தான். ஆமணக்கெண்ணெய் விளக்குக் கரியில் வீட்டில் செய்வது ஒன்று, ‘சுர்மா’ என்று வடக்கிலிருந்து வரும் பொடி இன்னொன்று. இரண்டாவது பெரும்பாலும் ஈயக் கனிமத்தையே அரைத்தது. குழந்தை கண்ணைக் கசக்கி விரலைச் சூப்பும்.

இரண்டு, ஈயச் சொம்பு. ரசம் வைக்கும் சொம்பு வெள்ளீயத்தில் (டின்) இருக்க வேண்டும், அது விஷமில்லை. ஆனால் வெள்ளீயத்தின் விலை, நாம் இதுவரை ஈயம் என்று பேசிவந்த காரீயத்தைப் போல் பத்து மடங்குக்கும் மேல். கலப்படத்துக்கு வேறு காரணம் வேண்டுமா? புளிக்கரைசலைச் சூடாக ஊற்றி வைப்பது ஈயத்தைக் கரைக்க அருமையான வழி. சோதனைச் சீட்டு கொடுக்கும் கடையாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் எவர்சில்வரில் வையுங்கள். ருசி கொஞ்சம் குறைந்தாலும் பாதகமில்லை. மூன்றாவது, ‘இண்டாலியம்’ என்று நாம் சொல்லும் அலுமினியக் கலவைப் பாத்திரம். பழைய அலுமினியத்தை உருக்கி வார்ப்பதில் ஈயம் சேர்ந்துவிடுகிறது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் ஆஃப்கன் அகதிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏன் இறங்கவில்லை என்று தேடிப் போனவர்கள், அவர்கள் கூடவே கொண்டுவந்த அலுமினியச் சட்டிகளில் போய் நின்றார்கள். 2025இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பெயர் சொல்லியே இவ்வகைப் பாத்திரங்களை எச்சரித்தது.

செயினில் ஈயம் உண்டா என்று வீட்டில் கண்டுபிடிக்கலாமா? ஓரளவு. அளவுக்கு மீறிய கனம், நகத்தால் கீறினால் பள்ளம், வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தால் சாம்பல் கோடு: இவை சந்தேகத்துக்குப் போதும். ஆனால் இவை இல்லாததால் சுத்தம் என்று ஆகாது, காட்மியத்துக்கு இந்தக் கைவைத்தியம் எதுவும் பொருந்தாது. ஆன்லைனில் விற்கும் நிறம் மாறும் பஞ்சுக்குச்சி முலாமுக்கு அடியில் இருப்பதைப் பார்க்காது. தங்கத்தின் தரம் பார்க்கும் இடங்களில் உள்ள, எக்ஸ் கதிர் பாய்ச்சி உலோகத்தை அடையாளம் காணும் எக்ஸ்ஆர்எஃப் இயந்திரம் மேற்பரப்பை மட்டும் படிக்கும், அதுவும் தங்கத்துக்காகச் சரிசெய்து வைத்தது. அது ஈயம் என்றோ காட்மியம் என்றோ காட்டினால் நகையைத் தூக்கிப் போட அதுவே போதும். காட்டாவிட்டால் அதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாற்பது ரூபாய்ச் செயினுக்குச் சோதனைக்கூடத்தில் ஆயிரக்கணக்கில் செலவழிப்பதும் புத்திசாலித்தனம் இல்லை.

ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்கலாமே என்று கேட்பீர்கள். விளையாட்டுப் பொம்மைக்கு அது நல்ல வழி. 2021 ஜனவரி முதல் பொம்மைக்கு அந்த முத்திரை கட்டாயம். ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம் உள்பட எட்டுத் தனிமங்கள் எவ்வளவு கசிகின்றன என்று சோதிப்பதும் அதில் அடக்கம். பதிவு செய்த கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு, ஆகவே தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையில் முத்திரை இல்லையே என்று மிரள வேண்டாம். பேன்சி நகையோ விளையாட்டுப் பொம்மை என்று விற்கப்படுவதில்லை. வளையல் கடையில் அட்டையில் குத்தி வைத்திருக்கும் செயினில் எந்த முத்திரையையும் எதிர்பார்க்க முடியாது. செம்பின் மேல் தங்க முலாம் ஏற்றும் கவரிங் வேறு ரகம், அச்சில் ஊற்றிய பேன்சி சாமான் வேறு ரகம்; இரண்டாவதைத்தான் நான் ஆறு வயதுக்குக் கீழ் யாருக்கும் போடாதீர்கள் என்கிறேன். குழந்தைக்கு ஆசையாக இருந்தால் நூலில் கோத்த துணிப்பூவோ கருகமணியோ, அதுவும் கண் எதிரில். காது குத்திய புண்ணில் பேன்சி தோடு மாட்டினால் நீர் வடிகிறது என்பார்களே, அது பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமை. தொல்லைதான், ஆனால் ஈயத்தோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

ஏதாவது விழுங்கிவிட்டால்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாழைப்பழம் கொடுத்து ‘நாளைக்கு வெளியே வந்துவிடும்’ என்று காத்திருக்காதீர்கள். எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்குப் போய், ‘உலோக நகை, ஈயம் இருக்கலாம்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இரைப்பையில் தங்கியிருந்தால் குழாய் விட்டு எடுத்துவிடுவார்கள். அது பட்டன் பேட்டரியாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. அது வேறு வகையில், இன்னும் வேகமாக உணவுக்குழாயை அரிக்கும்.

வாரக்கணக்கில் சப்பியிருக்கிறாள் என்பதால் ஒருமுறை ரத்தத்தில் ஈயம் பார்த்துவிடுவது நல்லது. சிரையிலிருந்து எடுத்த முழு ரத்தத்தில் பார்க்க வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியே முடிவைக் கூட்டிக் காட்டிவிடும். பெரிய சோதனைக்கூடங்கள் மாதிரி எடுத்து அனுப்பிவைக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 மைக்ரோகிராமைத் தொட்டால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது. அமெரிக்கா 2021இல் இந்தக் கோட்டை 3.5க்கு இறக்கியது. 45ஐத் தொட்டால்தான் ஈயத்தை இழுத்து வெளியேற்றும் மருந்தைக் குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கிறார்கள். அதற்குக் கீழே இருந்தால் மூலத்தை நிறுத்திவிட்டு, இரும்பும் கால்சியமும் உள்ள சாப்பாடு கொடுத்து, சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பதுதான் வைத்தியம். ‘டீடாக்ஸ்’ பொடி விற்பவர்களிடம் போகாதீர்கள். உலோக பஸ்பம் சேர்ந்த பொடிகளிலேயே ஈயம் பிடிபட்டிருக்கிறது.

கழற்றிய செயினை வேலைக்கு வரும் அம்மாவின் பேத்திக்குக் கொடுத்துவிடாதீர்கள், பழைய இரும்புக்காரரிடமும் போடாதீர்கள். உருக்குப் பட்டறைக்குப் போனால் இன்னொரு செயினாகத் திரும்பி வரும். ஒரு டப்பாவில் போட்டு மூடி, தீர்ந்த பேட்டரி, உடைந்த குழல்விளக்கோடு சேர்த்து, உள்ளாட்சிக்காரர்கள் வீட்டு அபாயக் கழிவைத் தனியாக வாங்கும் நாளில் கொடுங்கள். நாத்தனாரிடம் என்ன சொல்வது என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மினியாபொலிஸ் கதையைச் சொன்னால் அடுத்த திருவிழாவில் பலூன் வாங்கி வருவார் என்று நினைக்கிறேன்.